சாப்பிட்டாச்சு

நீங்கள் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டதும் முதலில் கேட்டது, "சாப்பிட்டீங்களா?" என்று. பழக்கத்தில் கேட்டிருப்பீர்கள். நம் ஆட்கள் வழியில் பார்த்தாலும் கேட்பார்கள், சாவு வீட்டில் பார்த்தாலும் கேட்பார்கள். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ஐயா, என்னிடம் யாராவது அப்படிக் கேட்டால் நான் நின்று பதில் சொல்லிவிடுவேன். அது என் பலவீனம். சாப்பிட்டேன். நீங்கள் கொடுத்தனுப்பிய ரொட்டி நன்றாகத்தான் இருந்தது. மாவு கொஞ்சம் பழசு, அடியில் லேசாகப் புளித்த வாசனை. உடம்புக்கு ஒன்றும் செய்யாது.

அந்தப் பிளாஸ்டிக் பையை மேசைமேல் எடுத்து வைக்கத் தேவையே இல்லை. எங்கள் அலுவலகத்தின் பறிமுதல் அறையிலிருந்து வந்த பைதான் அது. முடிச்சு நான் போட்டது. அதில் குறைவதை எடுத்தவனும் நான்தான். ஏன் எடுத்தேன் என்பதை மட்டும் முறையாகச் சொல்ல விடுங்கள். முறையில்லாமல் கேட்டால் என்னை ஏதோ கொலைகாரன் என்று எழுதிவிடுவீர்கள்.

நான் உணவு ஆய்வாளர். கடை கடையாகப் போய், சமையலறை பார்த்து, சந்தேகம் வந்தால் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது என் வேலை. பாலில் தண்ணீர், மிளகில் பப்பாளி விதை, சாயம் போட்டு உலர்த்திய பழைய டீச்சக்கை எல்லாம் பார்த்தவன். வியாபாரிகள் எனக்கு வைத்த பெயர் ஏழரை. தெருமுனையில் என் ஸ்கூட்டர் திரும்பும்போதே, "ஏழரை வருதுடா, மூடுடா" என்று ஒரு குரல் கேட்கும். மூடச் சொல்வது சட்டியை. ஈ மொய்த்தால் மூடாதவர்கள் என்னைக் கண்டால் மூடுவார்கள். அந்த வகையில் நான் ஊருக்கு நல்லதுதான் செய்திருக்கிறேன்.

கடைக்குள் கால் வைத்ததும், "என்ன சாப்பிடுறீங்க சார்?" என்பார்கள். எங்கள் தொழிலில் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். இப்போது ஒரு டீ, அப்புறம் ஒரு பொட்டலம், அப்புறம் ஒரு கவர். நான் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. என் எல்லைக்குள் இருக்கும் கடையில் ஆய்வாளர் கை நனைக்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை ஒருநாளும் மீறியதில்லை. நான் எழுதிய அறிக்கை ஒன்றுகூடப் பொய் என்று எவரும் நிரூபித்ததும் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மனைவி இருந்தாள். எதை வைத்தாலும் நான் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பேன். தொழில் அப்படி, கை தானாகப் போகும். கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் தட்டை என் முன்னால் நங்கென்று வைத்துவிட்டு, "என்னையும் ஒரு பாட்டில்ல போட்டு லேபுக்கு அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். பிறகு வரவில்லை. அக்கா தங்கை யாரும் எனக்கு இல்லை. கல்யாண வீடுகளுக்கு என்னை அழைப்பதில்லை. அழைத்தாலும் பந்தியில் என் இரண்டு பக்கமும் இலை காலியாகவே இருக்கும். சமையல்காரர் ஒருவர் பக்கத்திலேயே நின்று, நான் விழுங்கும்வரை என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் அறைக்கு வந்து முட்டை வேகவைத்து நின்றுகொண்டே சாப்பிடுவேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர். எதிரில் சுவர். தனிமை என்றால் என்னவென்று என்னைக் கேளுங்கள், வகைப்படுத்திச் சொல்கிறேன். சனிக்கிழமை மதியத்தில் வருவதுதான் அதில் கலப்படமே இல்லாதது.

மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு சந்து. சைக்கிள் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் நாலைந்து மேசை போட்ட சின்னச் சாப்பாட்டுக் கடை. நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள் அங்கே சாப்பிடுவார்கள். பருப்புச் சூப்பு, ரொட்டி, அவித்த முட்டை, அவ்வளவுதான். கடை நடத்தியவளை வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எண்பது வயதுக் கிழவரும் அக்கா என்பார். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். கல்லாவில் உட்கார்ந்திருப்பது அவனுடைய அப்பா, அவளுடைய மாமனார். இரண்டு பேருக்கும் அந்தக் கடையை விட்டால் வேறு கதி கிடையாது. அவளுக்குப் பெரியவர், பெரியவருக்கு அவள். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை.

நான் முதல்முறை போனபோது அவள் அடுப்படியில் இருந்தாள். திரும்பிப் பார்த்தாள். "சாப்பிட்டீங்களா சார்?" என்றாள். என்ன சாப்பிடுறீங்க என்று கேட்கவில்லை, கவனியுங்கள். இல்லை என்றேன், உண்மையைத்தானே சொல்ல வேண்டும். "வேளைக்குச் சாப்பிடுங்க சார். முகமே வாடிக் கெடக்கு" என்று சொல்லிவிட்டுக் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். ஒரு டீகூடக் கொடுக்க முன்வரவில்லை. ஒன்றும் கொடுக்காமல், ஒன்றும் கேட்காமல், நான் சாப்பிட்டேனா என்று மட்டும் தெரிந்துகொள்ள விரும்பிய ஒரு ஆள். எனக்கு அன்று முழுக்க வேலையே ஓடவில்லை.

சமையலறை சுத்தமோ சுத்தம். சட்டிக்கு அடியில்கூடக் கரி இல்லை. உப்பு ஒரு பீங்கான் ஜாடியில், மர மூடி போட்டு, மேலே ஒரு துணி கட்டியிருந்தது. கடை திறக்கும் முன் முதல் கிண்ணத்தை மாமனார்தான் குடித்து உப்புப் பார்ப்பார். "நான்தான் சார் இந்தக் கடையோட லேப்பு. எனக்குச் சம்பளம் மட்டும் கெடையாது" என்று கண்ணடித்தார். குறை காண ஒன்றும் இல்லை. நான் முழுத் திருப்தி என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது. முழுத் திருப்தி என்றால் அடுத்த ஆய்வு அடுத்த வருடம். குறை இருக்கும் கடைக்குத்தான் சரியாகும்வரை வாராவாரம் போக வேண்டும்.

வாடிக்கையாளராகப் போய் உட்கார வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். விதியை இப்போதுதானே சொன்னேன். எதிரே ஒரு பேருந்து நிறுத்தம் உண்டு. வராத பேருந்துக்குக் காத்திருப்பவன் மாதிரி அங்கே நின்று பார்த்தேன். அவள் எல்லோரையும் கேட்டாள். தையல் போட்ட கையோடு வந்தவனைக் கேட்டாள், தபால்காரரைக் கேட்டாள், நாயைக்கூட, "என்னடா, சாப்டியா?" என்றாள். எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த நாய்க்கு எந்த விதியும் இல்லை.

ஆகவே கடையைப் பற்றி ஒரு புகார் வந்தது. தொலைபேசியில், பெயர் சொல்லாமல். குரல் என்னுடையது. புகார் வந்தால் மாதிரி எடுத்தாக வேண்டும். எங்கள் முறைப்படி ஒரே உணவை மூன்று பாட்டிலில் பிடித்து அரக்கு வைப்போம். ஒன்று ஆய்வுக்கூடத்துக்கு, ஒன்று எங்கள் அலமாரிக்கு, ஒன்று கடைக்காரரிடமே. இறைச்சி கெட்டதை மறைக்க ஒரு கசாப்புக்காரன் தூவிய வெள்ளைப் பொடி பறிமுதல் அறையில் இருந்தது. பார்க்க உப்பு மாதிரியே இருக்கும். ஆய்வுக்கூடத்துக்குப் போகும் பாட்டிலில் அதை ஒரு சிட்டிகை போட்டேன். ஒரே ஒரு பாட்டிலில்தான். அவளிடம் கொடுத்த பாட்டிலில் எப்படிப் போடுவேன்? அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. பிறகு வந்த சிக்கல் எல்லாம் அந்த இரக்கத்தால் வந்ததுதான்.

முடிவு வந்தது. சூப்பில் அந்தப் பொடி இருக்கிறது. கடை வாசலில் நோட்டீஸ் ஒட்டினேன். அதற்கப்புறம் வாரம் ஒருமுறை போனேன்.

ஐயா, அந்த வாரங்கள்தான் என் வாழ்க்கையில் நல்ல வாரங்கள். அவள் பாவம், பருப்பு வாங்கும் கடையை மாற்றினாள், சட்டிகளை மாற்றினாள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். தேய்த்துத் தேய்த்து விரலெல்லாம் வெடித்துவிட்டது. நான் களிம்பு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். நோட்டீஸைப் பார்த்துவிட்டு ஆட்கள் வருவது குறைந்ததால் அவளுக்குப் பேச நேரம் இருந்தது. மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவோம். கண் கலங்குவாள். "வெறும் வயிற்றோடு இருக்காதே, வேளைக்குச் சாப்பிடு" என்று நானும் சொல்வேன். எனக்கும் ஒருவரிடம் அதைச் சொல்லக் கிடைத்தது. ஒருநாள் தற்செயலாக, "அண்ணே, அந்த டப்பாவை இப்படி எடுங்க" என்றாள். சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பரவாயில்லம்மா, அப்படியே கூப்பிடு" என்றேன். அன்று என் அறைக்கு வந்து உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

பெரியவருக்கு மட்டும் என்னைப் பிடிக்கவில்லை. "மருமவன்கூட மாமியார் வீட்டுக்கு இப்படி வாராவாரம் வரமாட்டான்" என்று காதில் விழும்படியே சொல்வார். ஒருநாள் கல்லாவைத் தட்டினார். "உப்பத் தின்னவன் தண்ணி குடிப்பான். எங்க சட்டில எவனோ கை வச்சிருக்கான். நம்மகிட்ட ஒரு பாட்டில் இருக்கில்ல, அத வேற ஊரு லேபுக்கு அனுப்பு தாயி." அனுப்பலாம், உங்கள் உரிமை என்று நானே முகவரி சொன்னேன். கேட்டால் சொல்ல வேண்டியது என் கடமை.

அந்தப் பாட்டில் சுத்தமாகத்தானே இருக்கும். இருந்தது.

எனக்கு அவள்தான் போன் செய்தாள். அழுதாள், சிரித்தாள். "அண்ணே, நம்ம பாட்டில்ல ஒண்ணுமே இல்லியாம். வேற ஆபீசர் வந்து புதுசா எடுக்கப் போறாராம். உங்க லேப்புலதான் எவனோ பாட்டில மாத்திட்டான்ணே. உங்க பேரு கெட்டுடக் கூடாது, அதான் எனக்குக் கவலை." என் மேல் அவளுக்கு நூலளவும் சந்தேகம் வரவில்லை. பிறகு சொன்னாள், "இனிமே நீங்களும் வாராவாரம் இப்படி அலைய வேண்டாம். பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டீங்க."

நல்ல மனதோடுதான் சொன்னாள். இருந்தாலும், யோசித்துப் பாருங்கள். புதிய மாதிரி சுத்தமாக வந்தால் என் அறிக்கை பொய் ஆகிவிடும். இத்தனை வருடத்தில் முதல் பொய். கூடவே, எனக்கு அந்தச் சந்துக்குள் போக ஒரு காரணமும் இருக்காது. ஒரு நேர்மையான மனிதன் என்ன செய்வான்? அறிக்கையை உணவுக்கு ஏற்ப மாற்ற இனி முடியாது. உணவை அறிக்கைக்கு ஏற்ப மாற்றுவதுதான் மிச்சம்.

யாருக்கும் தீங்கு வராதபடிதான் கணக்குப் போட்டேன். மாதிரி எடுக்கும்வரை கடை திறக்கக் கூடாது, வாடிக்கையாளர் எவரும் வரமாட்டார். அதிகாரி மூன்று பாட்டில் பிடிப்பார், மிச்சத்தை நானே முன்னின்று கொட்ட வைத்திருப்பேன். பெரியவர் உப்புப் பார்த்தால் ஒரு கரண்டி குடிப்பார். ஒரு கரண்டியில் என்ன ஆகிவிடும், வயிறு கொஞ்சம் கலங்கும். அவருக்குக் கலங்கட்டும் என்று நான் நினைத்ததாக நீங்கள் எழுத வேண்டாம். அப்படி நினைத்த நினைவு எனக்கில்லை.

காலையில் போனேன். சமையலறை தயாராக இருக்கிறதா பார்க்க வந்தேன் என்றேன். அதிகாரிக்கு வழி காட்டுவதற்காகப் பெரியவர் பேருந்து நிலையத்துக்குப் போயிருந்தார். அவள் கொல்லைப்பக்கம் காய் கழுவப் போனபோது ஜாடியைத் திறந்தேன். பாதி உப்பை எடுத்துவிட்டுப் பாதி பொடி கலந்தேன். துணியை அவள் கட்டுகிற மாதிரியே கட்டினேன்.

அவள் வந்தாள். பருப்பு கொதித்தது. உப்புப் போட்டாள். மாமனார் இல்லாததால் அன்று அவளே கரண்டியில் எடுத்து ஊதிப் பார்த்தாள். "பத்தலையே" என்றாள். அந்தப் பொடி உப்பு மாதிரி இருக்குமே தவிர உப்பளவு கரிக்காது. அது எனக்குத் தெரியும். ஆனால் சமைக்கிறவள் கை அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று நான் யோசிக்கவில்லை. நான் சமைக்கிறவன் இல்லை. அவள் இன்னொரு பிடி போட்டாள். கிளறினாள், பார்த்தாள். "என்னண்ணே இது, இன்னிக்கு உப்பே ஏற மாட்டேங்குது" என்று சிரித்துக்கொண்டே இன்னொரு பிடி அள்ளினாள். மாதிரி எடுக்கும் முன் சமையலில் ஆய்வாளர் குறுக்கிடக் கூடாது.

அப்புறம் அவள் இரண்டு கிண்ணம் எடுத்தாள்.

இரண்டு கிண்ணத்தையும் மேசையில் வைத்தாள். ரொட்டியை நடுவில் வைத்தாள். "நேத்துலேந்து ஒண்ணும் எறங்கலண்ணே, பயத்துல. நீங்கதான சொல்வீங்க, வெறும் வயித்தோட இருக்காதன்னு. தனியா சாப்பிடப் பிடிக்கல. உக்காருங்க. இன்னிக்கு நீங்க ஆபீசர் இல்ல, வர்றவருதான் ஆபீசர். எங்க அண்ணனா ஒரு வாய் சாப்பிடுங்க." பிறகு முகத்தை உற்றுப் பார்த்தாள். "சாப்பிட்டீங்களா, இல்லையா? உண்மையச் சொல்லுங்க."

என் வாழ்க்கையில் யாரும் எனக்காகக் கிண்ணம் எடுத்து வைத்து, உட்கார் என்று சொன்னதில்லை. விதியும் அன்று குறுக்கே இல்லை, அவளே சொல்லிவிட்டாள்.

"சாப்பிட்டாச்சும்மா. நீ சாப்பிடு" என்றேன்.

எதிரில் உட்கார்ந்தேன். ரொட்டியைக் கிள்ளி நனைத்து நனைத்துச் சாப்பிட்டாள். பசி, பாவம். தெருவில் சைக்கிள் கடைக்காரன் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு எதிரே உட்கார்ந்து ஒருவர் சாப்பிட்டு எத்தனையோ வருடம் ஆயிற்று. சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். கிண்ணம் காலியானதும் இன்னொரு கரண்டி நான்தான் ஊற்றினேன். பரிமாறிப் பழகாத கை, மேசையில் கொஞ்சம் சிந்திவிட்டது. "விடுங்கண்ணே, நான் தொடைச்சுக்கறேன்" என்றாள்.

துடைக்க எழுந்தபோதுதான் தலை சுற்றுகிறது என்றாள். உதடு நீலமாகிவிட்டது. நானும் சைக்கிள் கடைக்காரனும்தான் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். நான் ஓடவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருத்துவர் என் சட்டையைப் பிடித்து, "என்ன சாப்பிட்டாங்க? சொல்லுங்க, என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டார். சூப்பு என்றேன். அதுவும் உண்மைதான்.

பொடியின் பெயரை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாற்று மருந்து கொடுத்துப் பிழைக்க வைத்திருக்கலாம் என்று அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். சரிதான், பிழைத்திருப்பாள். பிழைத்து எழுந்து என்னை என்னவென்று கூப்பிட்டிருப்பாள், சொல்லுங்கள். கடைசியாக அவள் கண்ணைத் திறந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணே என்றாள். அதன் பிறகு அவள் பேசவில்லை. அந்தச் சொல் அப்படியே இருக்கட்டும் என்று பேசாமல் நின்றேன். கொன்றேன் என்று எழுதத்தான் வேண்டும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன்.

வெளியே பெஞ்சில் பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். இருமல் கேட்கிறது. அந்த வார உப்பை அவர்தான் வாங்கி வந்தாராம், நான்தான் என் மருமவளக் கொன்னேன் என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். உப்பில் குறையில்லை என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். நல்ல உப்பு. அதை நான் பரிசோதித்திருக்கிறேன். அவர் இன்று ஏதாவது சாப்பிட்டாரா என்றும் கேளுங்கள், அவரைக் கேட்க இப்போது ஆள் இல்லை.

அவளை ஏமாற்றினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அது பொருந்தாது. என் தங்கை மாதிரி அவள். எல்லாவற்றையும் திரும்ப நினைத்துப் பார்த்துவிட்டேன். அன்று காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உண்மையச் சொல்லுங்க என்று அவள் கேட்டும், சாப்பிட்டாச்சு என்றேன். அவளிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.